முதல் சுற்றுச் சொதப்பல்கள்: பையனைத் திட்டுவதா, எடுத்தவரைத் திட்டுவதா?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 11, 2025

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்ட் வரலாற்றிலேயே பெரிய சொதப்பல் ரையான் லீஃப்தான். 1998இல் பெய்ட்டன் மானிங் முதல் ஆள், இவர் இரண்டாவது ஆள், இருவரும் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்). அவர் எங்கே, இவர் எங்கே? இதற்கு மேல் ஒருவரைக் காட்ட முடியுமா?

ஏப்ரல் 11, இரவு

முடியும். ஜமார்கஸ் ரசல். அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

லீஃபை எப்போதும் மானிங் பக்கத்தில் நிறுத்தித்தான் பேசுகிறோம். சான் டியாகோ சார்ஜர்ஸ் அவருக்குக் கொடுத்த விலையை யாரும் பேசுவதில்லை. அவர்கள் கையில் இருந்தது டிராஃப்டில் மூன்றாவதாக ஆள் எடுக்கும் இடம். ஒரே ஒரு படி மேலே ஏற அரிசோனா டீமுக்கு அந்த மூன்றாவது இடத்தைக் கொடுத்தார்கள், அதே வருட இரண்டாம் சுற்று இடத்தைக் கொடுத்தார்கள், அடுத்த வருட முதல் சுற்று இடத்தையும் கொடுத்தார்கள். போதாததற்கு எரிக் மெட்காஃப், பாட்ரிக் சாப் என்று இரண்டு ஆட்டக்காரர்கள். மானிங், லீஃப் இருவரில், முதல் இடத்தில் இருந்த இண்டியானாபோலிஸ் யாரை விட்டுவைத்தாலும் எங்களுக்குச் சரி என்று கொடுத்த விலை அது. அதாவது எந்தப் பையன் வரப்போகிறான் என்று தெரியும் முன்பே காசு கைமாறிவிட்டது.

ஏப்ரல் 12

டிராஃப்ட் என்றால் என்ன என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை 32 டீம்களும் வரிசையாக எடுக்கும், மொத்தம் ஏழு சுற்று. போன வருடம் மோசமாக ஆடிய டீமுக்கு முன்னுரிமை. அந்த முறையை நிலத்தைப் போல விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருடத்தையும் சேர்த்து அடகு வைக்கலாம். ஐபிஎல் ஏலத்தை நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இங்கே எந்த டீம் என்று பையனுக்குப் பேரம் பேச வழியே இல்லை. எடுத்த டீமுக்குத்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 12, மாலை

நேற்று விலை என்று சொன்னதற்குக் கணக்கு கேட்டார் ஒருவர். டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளராக ஜிம்மி ஜான்சன் இருந்தபோது, 90களின் தொடக்கத்தில், ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளி போட்டு ஓர் அட்டவணை வந்தது. முதல் இடம் 3000, இரண்டாவது 2600, மூன்றாவது 2200. பல வருடம் லீக் முழுக்க அதை வைத்துத்தான் பேரம். அதன்படி பார்த்தால் மூன்றிலிருந்து இரண்டுக்குப் போக 400 புள்ளி போதும். சார்ஜர்ஸ் கொடுத்த இரண்டாம் சுற்று இடம் 33ஆவது, அது மட்டுமே 580 புள்ளி. அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் பதற்றத்தில் கொட்டியது.

அரிசோனா அந்த மூன்றாவது இடத்தில் எடுத்த ஆன்ட்ரே வாட்ஸ்வொர்த்தும் முழங்கால் போய் மூன்று சீசனில் முடிந்துபோனார். ஆனால் மறுவருட இடம் எட்டாவதாக வந்து, அதில் டேவிட் பாஸ்டன் கிடைத்தார். 2001இல் லீக்கிலேயே அதிக ரிசீவிங் யார்டு (எறிந்த பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்) அவருடையது. அரிசோனாவிடம் ஒரு சீட்டு கிழிந்தால் இன்னொரு சீட்டு இருந்தது. சான் டியாகோவிடம் இருந்தது ஒரே சீட்டு.

ஏப்ரல் 13

"மானிங் முதல் நாளிலிருந்தே மானிங்" என்று எழுதியவருக்கு: இல்லை. 1998இல் மானிங் எறிந்த இன்டர்செப்ஷன் (எதிராளி கையில் போய்ச் சிக்கும் எறிதல்) 28. புதுமுகம் ஒருவர் அவ்வளவு எறிந்ததில்லை. டீம் 3-13, அதாவது 3 வெற்றி, 13 தோல்வி. லீஃப் அந்த வருடம் எறிந்தது 15தான், ஆனால் டச்டவுன் (எதிராளி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வெறும் 2. இருவரும் நேருக்கு நேர் மோதியபோது 17-12, மானிங்குக்கு அதுதான் முதல் வெற்றி.

கான்சஸ் சிட்டியில் மூன்றாவது வார ஆட்டத்தில் லீஃப் 15 முறை எறிந்து ஒரே ஒரு பந்து ஆள் கைக்குப் போனது. அது எடுத்துக்கொடுத்தது 4 யார்டு. மறுநாள் உடைமாற்றும் அறையில் நிருபர் ஒருவர் மேல் கத்தியது காமிராவில் பதிவாகி ஊர் முழுக்க ஓடியது. அன்றோடு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. 28 இன்டர்செப்ஷன் எறிந்தவருக்கு "கற்றுக்கொள்கிறார்" என்ற சலுகை, 15 எறிந்தவருக்கு "தலைக்கனம்" என்ற பட்டம். பட்டம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு வலி மாத்திரைப் பழக்கம், மொன்டானாவில் சிறை. அதிலிருந்து மீண்டு வந்து இப்போது டிவியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார், அதுவும் நன்றாகவே பேசுகிறார்.

ஏப்ரல் 15

நான் ஒஹாயோ ஆள், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ரசிகன். இந்தத் தலைப்பில் எங்களுக்குத் தனிப் பல்கலைக்கழகமே வைக்கலாம். ஒரே ஒரு சங்கிலியை மட்டும் சொல்கிறேன்.

2012. நான்காவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற மினசோட்டாவுக்கு மூன்று கீழ்ச்சுற்று இடங்களைக் கொடுத்து அலபாமா ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டிரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்தார்கள். மினசோட்டாவுக்கு ரன்னிங் பேக்கே தேவையில்லை, அவர்களிடம் ஏட்ரியன் பீட்டர்சன் இருந்தார். அப்படியும் ஏறினோம். அன்று மாலை நானும் ஆபீஸ் நண்பர்களும் டிவி முன்னால் கத்திய கத்தலை என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள். அந்த வாரமே 33ஆம் எண் சட்டை வாங்கினேன், தள்ளுபடிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

முதல் வருடம் 950 யார்டு, 11 டச்டவுன். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 3.6 யார்டு. ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், திறந்து கிடக்கும் வழியை விட்டுவிட்டு நேராகத் தன் ஆள் முதுகிலேயே போய் முட்டுவார்.

2013 செப்டம்பர். சீசனில் இரண்டே ஆட்டம் முடிந்திருந்தது. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் திடீரென்று வந்து, தங்கள் 2014 முதல் சுற்று இடத்தைத் தருகிறோம், ரிச்சர்ட்சனைக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்துவிட்டோம். அன்று எனக்குக் கோபம். ஆனால் பிரவுன்ஸ் செய்த அபூர்வமான நல்ல வியாபாரம் அது. அங்கே போய் அந்த சீசனில் ரிச்சர்ட்சன் ஓட்டத்துக்கு 2.9 யார்டு எடுத்தார். 2014க்குப் பிறகு என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் நாங்கள் கெட்டிக்காரர்கள். கோல்ட்ஸ் கொடுத்த இடம் 26ஆவதாக வந்தது. அதோடு 83ஆவது இடத்தையும் சேர்த்து பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து 22க்கு ஏறி எடுத்தது யாரை? ஜானி மான்சியல். எட்டு ஆட்டம் தொடங்கி வைத்தார், இரண்டில் வெற்றி. களத்தைவிட பார்ட்டிப் படங்களில்தான் அதிகம் தெரிந்தார். 2016 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள்.

சரி, அந்த 26ஆவது இடத்தை வாங்கிய பிலடெல்ஃபியா? மார்கஸ் ஸ்மித் என்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரரை எடுத்தது. மூன்று சீசனில் அவரும் வெளியே. ஒரே இடம், மூன்று டீம்கள் கைமாறி, தொட்ட எல்லோருக்கும் சொதப்பல்.

ஏப்ரல் 15, சற்று நேரம் கழித்து

22 என்றதும் விட்டுப்போனது. 2007இல் பிரேடி குவின், 2012இல் பிராண்டன் வீடன், 2014இல் மான்சியல். மூவரும் குவாட்டர்பேக், மூவரையும் பிரவுன்ஸ் எடுத்தது 22ஆவது இடத்தில்.

வீடனை எடுக்கும்போது வயது 28. அதற்கு முன் பேஸ்பாலில் பந்து வீசிக்கொண்டிருந்தவர். முதல் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் ராட்சதக் கொடியை விரித்தபோது அதன் அடியில் மாட்டிக்கொண்டார், குனிந்து வெளியே வந்தார். பிறகு நான்கு இன்டர்செப்ஷன். கிண்டல் செய்ய நாங்கள் மெனக்கெட வேண்டியதே இல்லை, எல்லாம் தயாராகவே வரும்.

ஏப்ரல் 17

டெட்ராய்ட் நண்பர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார், "எங்களை மறந்துவிட்டாயே" என்று. மறக்கவில்லை, மரியாதைக்காக விட்டேன். 2003இல் இரண்டாவது இடத்தில் சார்லஸ் ரோஜர்ஸ், 2004இல் ஏழாவது இடத்தில் ராய் வில்லியம்ஸ், 2005இல் பத்தாவது இடத்தில் மைக் வில்லியம்ஸ். மூன்று வருடம் தொடர்ந்து முதல் சுற்றில் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்). ராய் ஓரளவுக்கு ஆடினார். ரோஜர்ஸுக்கு அடுத்துப் போனவர் ஆன்ட்ரே ஜான்சன், மைக்குக்கு அடுத்துப் போனவர் டிமார்கஸ் வேர். இருவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் (ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியல்). 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் 0-16.

ரோஜர்ஸை மட்டும் கிண்டல் பட்டியலில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. முதல் இரண்டு சீசனிலும் காறை எலும்பு முறிந்தது. வீட்டில் உட்கார்ந்த காலத்தில் வலி மாத்திரையும் மற்றதும் பழகியது. 2019இல் 38 வயதில் இறந்துவிட்டார்.

ஏப்ரல் 18

"எல்லாவற்றுக்கும் டீம் மேலேயே பழி போட்டால் பையன் என்ன பச்சைக்குழந்தையா?" நியாயமான கேள்வி. இரண்டு நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

என் தரப்புக்கு முதலில் சாட்சி. டேவிட் கார், 2002இல் முதல் இடம், ஹூஸ்டன் டெக்ஸன்ஸ். புத்தம்புது டீம், அவரைக் காக்க வேண்டிய லைன் ஓட்டைச் சல்லடை. முதல் வருடத்தில் 76 முறை சாக் (பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்படுவது) வாங்கினார், அது இன்றும் சாதனை. டிம் கூச், 1999, எங்கள் ஊர், அதுவும் புதிதாய்ப் பிறந்த டீம், முதல் வருடம் 56 சாக். அந்த வருடம் நியூ ஆர்லியன்ஸில் கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டு 56 யார்டு எறிந்து முதல் வெற்றியை வாங்கித் தந்தார். 2002இல் பிளேஆஃப் வரைக்கும் கொண்டுபோய்க் கடைசி லீக் ஆட்டத்தில் கால் உடைந்தது. இன்னும் அவரைச் சொதப்பல் பட்டியலில் போடுகிறவர்களோடு நான் பேசுவதில்லை. கிளீவ்லாந்தில் ஒரு ரசிகர் கூச்சின் 2ஆம் எண் சட்டையில் அவருக்குப் பின் வந்த குவாட்டர்பேக்குகளின் பெயரை எல்லாம் ஒட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒட்ட இடம் இல்லாமல் போயிற்று.

அலெக்ஸ் ஸ்மித், 2005இல் முதல் இடம், சான் பிரான்சிஸ்கோ. முதல் வருடம் 1 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். 24ஆவது இடத்தில், பின்னாளில் ஜாம்பவானான குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் போயிருந்தார், கேட்க வேண்டுமா! வருடத்துக்கொரு புது ஒருங்கிணைப்பாளர் (ஆட்டத் திட்டம் போடும் பயிற்சியாளர்), வருடத்துக்கொரு புதுப் பாடம். 2011இல் உருப்படியான பயிற்சியாளர் வந்தார், டீம் 13-3.

இப்போது எதிர்த்தரப்பு. ஜமார்கஸ் ரசல், 2007, ஓக்லாண்ட் ரெய்டர்ஸ், முதல் இடம். அடுத்த இடத்தில் போனவர், பின்னாளில் நட்சத்திர ரிசீவரான கால்வின் ஜான்சன். ரசலுடைய கை தெய்வம் கொடுத்த கை. சுகர் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் நாட்டர் டேம் அணியை 41-14 என்று அடித்த அன்று முதல் உரிமையாளர் அல் டேவிஸுக்கு வேறு யாரும் கண்ணில் படவில்லை. (எதிரே தோற்ற குவாட்டர்பேக் எங்கள் பிரேடி குவின். ஒரே மைதானத்தில் அந்த வருடத்தின் இரண்டு சொதப்பல்கள்.) சம்பளப் பேரம் முடிய செப்டம்பர் ஆகிவிட்டது, பயிற்சி முகாம் முழுக்கப் போச்சு. உத்தரவாதப் பணமே 3 கோடி டாலருக்கு மேல். 25 ஆட்டம் தொடங்கி ஏழில் வெற்றி, 2010இல் வெளியே. எடை ஏறிக்கொண்டே போனது. உழைப்பு இல்லை என்று கூட இருந்தவர்களே சொன்னார்கள்.

ரெய்டர்ஸ் அந்தக் காலத்தில் கோமாளிக் கூடாரம்தான். ஆனால் நல்ல கூடாரத்தில் ரசல் பிழைத்திருப்பாரா என்று கேட்டால், மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்: பத்துச் சொதப்பலில் ஏழெட்டு டீமுடையது. மிச்சம் ரசல்.

ஏப்ரல் 18, இரவு

வெர்னன் கோல்ஸ்டன், நியூயார்க் ஜெட்ஸ், 2008, ஆறாவது இடம். குவாட்டர்பேக்கை வீழ்த்தத்தான் எடுத்தார்கள். மூன்று சீசன், 45 ஆட்டம், சாக் பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. இவரை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை, தனி அலமாரி.

ஏப்ரல் 20

ஓட்டப் பந்தயக் கதையைக் கேட்டீர்கள். டிராஃப்டுக்கு முன்னால் பையன்களை வரிசையாக நிறுத்தி 40 யார்டு ஓடவிட்டுக் கடிகாரம் பார்ப்பார்கள். 2017இல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடினார், அன்றைக்கு அது சாதனை. சின்சினாட்டி பெங்கால்ஸ் ஒன்பதாவது இடத்தில் தூக்கினார்கள். பத்தாவது இடத்தில் போனவர், பின்னாளில் நட்சத்திரக் குவாட்டர்பேக்கான பாட்ரிக் மஹோம்ஸ்.

பெங்கால்ஸ் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1999இல் மூன்றாவது இடத்துக்காக நியூ ஆர்லியன்ஸ் தன் அந்த வருட இடங்கள் எல்லாவற்றையும் தருகிறேன் என்று நின்றது. வேண்டாம் என்று சொல்லி அகிலி ஸ்மித்தை எடுத்தார்கள். மொத்தம் 5 டச்டவுன், 13 இன்டர்செப்ஷன். அதே மாதிரி பேரத்தை ஒப்புக்கொண்டது வாஷிங்டன். அவர்களுக்குப் பின்னாளில் நட்சத்திரமான சாம்ப் பெய்லி கிடைத்தார்.

கி-ஜானா கார்ட்டரை இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவருக்கு: மாட்டேன். 1995இல் முதல் இடம், முதல் பயிற்சி ஆட்டம், மூன்றாவது ஓட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. அதற்குப் பெயர் விதி.

ஏப்ரல் 21

டீம்களின் தவறு என்று நான் சொல்வது ரசிகன் புலம்பல் இல்லை. கேட் மாசி, ரிச்சர்ட் தாலர் இருவரும் டிராஃப்டை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் (தாலருக்கு 2017இல் பொருளாதார நோபல்). ஒரு டீம் எடுக்கும் ஆள், அதே நிலையில் ஆடும் அடுத்து எடுக்கப்பட்ட ஆளைவிட நன்றாக ஆட வாய்ப்பு எவ்வளவு? 52 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. அந்த இரண்டு சதவீதத்துக்குத்தான் அடுத்த வருட முதல் சுற்றை எல்லாம் கொட்டுகிறார்கள்.

இதைப் படித்த பிறகும் டிராஃப்ட் அன்று நான் கத்துவேன். அறிவு வேறு, ஏப்ரல் வேறு.

ஏப்ரல் 22

சம்பளம் பற்றி. 2010இல் முதல் ஆள் சாம் பிராட்ஃபோர்டுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு! 2011இல் புது ஒப்பந்தம் வந்து உச்சவரம்பு கட்டினார்கள். அந்த வருடம் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 2.2 கோடி.

நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. விலை குறைந்ததும் பொறுமையும் குறைந்துவிட்டது. 2018இல் அரிசோனா பத்தாவது இடத்தில் எடுத்த ஜாஷ் ரோசனை ஒரே வருடத்தில் விற்றது, அடுத்த டிராஃப்டில் இன்னொரு குவாட்டர்பேக் கைலர் மர்ரி கிடைத்ததும். சான் பிரான்சிஸ்கோ 2021இல் டிரே லான்ஸுக்காக மூன்று முதல் சுற்று இடம் கொடுத்து, நான்கே ஆட்டம் தொடங்கவைத்து, 2023இல் நான்காம் சுற்று இடத்துக்குத் தள்ளிவிட்டது. அங்கே மட்டும் அதிர்ஷ்டம், 2022இன் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுத்த பிராக் பர்டி கைகொடுத்தார்.

ஜெட்ஸ் கைவிட்ட சாம் டார்னால்டு போன வருடம் மினசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கித் தந்தார். நாங்கள் கைவிட்ட பேக்கர் மேஃபீல்டு டாம்பாவில் ராஜாவாக இருக்கிறார். அது பற்றிப் பேச எனக்கு இன்னும் சில வருடம் வேண்டும்.

ஏப்ரல் 24, டிராஃப்ட் இரவு

இந்த வருடம் கிரீன் பேயில் நடக்கிறது. அந்த ஊரில் டோனி மான்டரிச் பெயரை யாராவது எடுக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். 1989இல் கிரீன் பே பாக்கர்ஸ் இரண்டாவதாக எடுத்த ராட்சதன். அந்த வருடம் முதல் ஐந்து பேர்: டிராய் எய்க்மன், மான்டரிச், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். நான்கு பேர் ஹால் ஆஃப் ஃபேம். கல்லூரிக் காலத்தில் ஸ்டீராய்டு போட்டதை மான்டரிச் 2008இல் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 24, இன்னும் அதே இரவு

பிரவுன்ஸ் இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில்லுக்கு விற்றுவிட்டது! அந்த இடத்தில் எடுக்கப்பட்ட டிராவிஸ் ஹன்டர் அங்கே போகிறார். எங்களுக்கு ஐந்தாவது, 36ஆவது, 126ஆவது, அடுத்த வருட முதல் சுற்று. நாங்கள் திருப்பிக் கொடுப்பது 104, 200. நான் இத்தனை நாள் இங்கே எழுதியதோடு ஒத்துப்போகும் ஒரு பிரவுன்ஸ் முடிவு. சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 27

மூன்றாம் சுற்றில் டிலன் கேப்ரியல் என்ற குவாட்டர்பேக். ஐந்தாம் சுற்றில் ஷெடர் சாண்டர்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக், 144ஆவது. மேலே 1989 பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிறாரே டியான், அவருடைய மகன். முதல் சுற்று என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தவர் இவ்வளவு தூரம் சரிந்ததைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். ஐந்தாம் சுற்று ஆளைச் சொதப்பல் என்று பேச இந்த இழையில் வழியில்லை, வேறு இழை திறந்துகொள்ளுங்கள்.

ஹன்டர் பேரத்தில் யாருக்கு லாபம் என்று இப்போதே தீர்ப்பு கேட்டவருக்கு: அடுத்த வருட இடம் எத்தனையாவதாக வரும் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? ஜாக்சன்வில் தோற்கத் தோற்க அது மேலே ஏறும். செப்டம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரண்டு டீம் ஸ்கோர் பார்த்தாக வேண்டும், எங்களுடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.